சாயங்காலப் பெரட்டு

"நூத்தி எம்பது பேருலா! கையில பாராங்கு கத்தி, கட்டை, ஒருத்தன்கிட்ட மண்ணெண்ணெய் டின்னு வேற. என் பெண்டாட்டி சுத்தியல எடுத்தா. ஒரே தட்டு! நூத்தி எம்பது பேரும் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மாதிரி வரிசையில நின்னுட்டானுங்க!"

சனிக்கிழமை காலை, புக்கிட் ரோத்தானில் தனபாலன் கடையில் உடையப்பன் இதைச் சொன்னபோது அவன் வாயில் பாதித் தோசை இருந்தது. மீதித் தோசையைத் துண்டு துண்டாகப் பிய்த்து இலையில் அடுக்கி, கலவரக்காரர்கள் நின்ற விதத்தையும் காட்டினான். சட்னி இருந்த இடம் கோயில். சாம்பார் ஓடிய இடம் ரோடு.

கடையில் ஓர் ஈ கூட நம்பவில்லை.

"உடையப்பா, போன மாசம் உன் லோரி மூணு டயர்ல கிள்ளான் வரைக்கும் போச்சுன்னு சொன்ன," என்றார் தனபாலன், தேத்தண்ணியை ஒரு முழ உயரத்திலிருந்து இழுத்தபடியே. "அதையே நாங்க இன்னும் மென்னுக்கிட்டு இருக்கோம்."

"இது நெசம்லா! கேட்டுப் பாருங்க, பக்கத்துலதான் உக்காந்திருக்கா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமராவதி தலையை நிமிர்த்தவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அவள் தம்பி அப்பளசாமி நிமிர்த்தினான்.

"பொய்," என்றான்.

அப்பளசாமி அப்படித்தான். பிறந்த அன்று மருத்துவச்சி 'ஆம்பளப் புள்ள' என்று சொன்னதையே ஐந்து வயது வரை சந்தேகத்தில் வைத்திருந்தவன். ரவாங்கில் ஓட்டுத் தொழிற்சாலையில் வேலை, சுங்கை சோவில் குடித்தனம். அங்கே மழை பெய்தால்கூடக் கையை வெளியே நீட்டி நனைந்த பிறகுதான் ஒப்புக்கொள்வான்.

"மாமா, நீங்க அங்க இருந்தீங்களா?" என்று கேட்டான்.

உடையப்பனுக்குத் தோசை தொண்டையில் நின்றது. "நான் போலீஸக் கூட்டிக்கிட்டு வரப் போயிருந்தேன்."

"அப்ப எப்படித் தெரியும்?"

கடை முழுக்கச் சிரித்தது. அமராவதி மட்டும் தம்பியின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தச் சிரிப்பு முழுவதும் அவன் பக்கம் திரும்பிவிடும்.

ஆனால் அவள் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தாள்.

இந்தக் குடும்பத்தின் கதையை வாரா வாரம் படித்து வருகிறவர்களுக்கு அமராவதி புதியவள் அல்ல. செராயாத் தோட்டத்து ஆபீசில் கிராணி. விடியுமுன் பெரட்டு மணி அடித்து, ஆட்களை வரிசையில் நிறுத்தி, செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் எழுதுவது அவள் வேலை. இந்த வாரம் கோலசிலாங்கூருக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போனாள். அந்த மூன்று நாளும் வீட்டில் உடையப்பன் வைத்த சாம்பாரை லயத்து நாய்கள் முகர்ந்து பார்த்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்தன.

மொட்டைக் கடிதம்தான் அங்கே பாடம். எழுதியவர் பேர் இல்லாமல், ஒன்று பத்தாகி, பத்து நூறாகி வீட்டுக்கு வீடு பறக்கிற காகிதம். மலாய்க்காரர்கள் சுராட் லாயாங் என்பார்கள், பறக்கும் கடிதம் என்று அர்த்தம். ஒரு வருடமாக மாவட்டத்தில் கொசுவுக்கு அடுத்தபடியாக அதுதான் அதிகம் பறந்தது. ஆகவே கிராணிகள், தலைமையாசிரியர்கள், தபால் குமாஸ்தாக்கள், மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர்கள் என்று மக்கள் முகத்தில் தினமும் விழிக்கிற உத்தியோகக்காரர்களைக் கூட்டி, அதை எப்படி இனம் காண்பது, வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

கோலாலம்பூரிலிருந்து வந்த தேவதாஸ் என்பவர் பிஸ்கட் டின் நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். "பிரிச்சு வைங்க," என்றார். "ஒரு ஆளைத் திட்டினா அது வசவு. ஒரு கூட்டத்தையே நோயின்னோ, பூச்சின்னோ, விஷம்னோ சொன்னா அது வேற சாதி. அதைத் தனியா வைங்க. பாம்புன்னு தெரிஞ்சாதானே கம்பை எடுக்கலாம்?"

கடைசி நாள் ஒத்திகை. ஒரு தலைமையாசிரியர் கலவரக்காரராக நடித்தார். முப்பது வருடம் பிள்ளைகளை அதட்டிய தொண்டை. அவர் மேசையைத் தட்டி ஒரு கத்துக் கத்தியதில் சுவரில் இருந்த கடிகாரம் ஐந்து நிமிடம் பின்னால் போனது. பதில் சொல்ல வேண்டிய அமராவதி, படித்தது அத்தனையும் மறந்து, "மன்னிச்சிடுங்க சார்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். சான்றிதழ் என்னவோ கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அதைச் சுருட்டிக் குடைக்குள் செருகிக்கொண்டு, யாருக்கும் காட்டக்கூடாது என்ற முடிவோடு அவள் பஸ் இறங்கினாள்.

வீட்டில் அப்பளசாமி மீன் குழம்போடு உட்கார்ந்திருந்தான். இரண்டு நாள் லீவில் அப்போதுதான் வந்திருந்தான்.

"வாங்க டாக்டரம்மா! கடுதாசிக்கு ஊசி போடக் கத்துக்கிட்டு வந்தாச்சா?"

"நீ முள்ளப் பாத்துச் சாப்பிடு."

மேசையின் இன்னொரு மூலையில் அவள் நாத்தனார் வேலம்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். உடையப்பனின் அக்கா. கணவனை இழந்து பதினோரு வருடமாகத் தம்பி வீட்டில் இருக்கிறாள். மளிகைச் சீட்டுக்கு மேல் எதையும் எழுதாத வேலம்மா, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதுவதைப் பார்த்ததும் அமராவதி அருகில் போனாள்.

"அண்ணி, என்ன எழுதுறீங்க?"

"சாமி காரியம். பேசாத, கணக்கு விட்டுப் போகும்."

அமராவதி ஒரு தாளை எடுத்தாள். மூன்று பத்தி. முதல் பத்தியில் பேர் இல்லாத ஊரில் ஓர் அம்மன் சிலை கண்ணீர் விட்டது. கடைசிப் பத்தியில், இதை இருபத்தொரு பேருக்கு எழுதிக் கொடுக்காதவர் வீட்டில் இருபத்தொரு நாளில் ஓர் உயிர் போகும். நடுப்பத்தி, தோட்டத்துக்குப் புதிதாக வந்து, புது லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் ஜாவாக்காரக் குடும்பங்களைப் பற்றியது. அதை இங்கே எழுதினால் இது இருபத்திரண்டாவது நகலாகிவிடும். சாரம் மட்டும் இது: அந்த ஆட்கள் நோய், அந்த ஆட்கள் விஷம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது அவர்கள் தண்ணீர்த் தொட்டியில் எதையோ கலந்ததால்தான்.

நோய். விஷம். தேவதாஸ் தனியாக வைக்கச் சொன்ன அதே சாதி. பாம்பு அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவள் நாத்தனாரின் உருண்டைக் கையெழுத்தில் சுருண்டு கிடந்தது.

"நடுவுல என்ன போட்டிருக்குன்னு படிச்சீங்களா அண்ணி?"

"எழுதுறவ எதுக்குப் படிக்கணும்? பாத்து எழுதுறேன்."

"எத்தன பேருக்குக் குடுத்தீங்க?"

"பத்தொம்போது. காலையில கோயில்ல. இன்னும் ரெண்டுதான்."

"அண்ணி!"

வேலம்மா பேனாவை வைத்தாள். குரல் இறங்கிவிட்டது. "பதினோரு வருஷத்துக்கு முன்னால இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு. பைத்தியக்காரத்தனம்னு அடுப்புல போட்டேன். அந்த மாசமே மரம் விழுந்து அவரு போயிட்டாரு. இந்த வீட்டுல இப்ப இருக்கிறது என் தம்பி, நீ. யாரைக் குடுக்கச் சொல்ற?"

பயிற்சியில் இதற்கு ஒத்திகை இல்லை.

அப்பளசாமி கை கழுவிவிட்டு வந்து தாளை வாங்கிப் படித்தான். எதையும் நம்பாதவன் இரண்டு முறை படித்தான்.

"எனக்கென்னமோ நெருப்பில்லாம பொகையாதுன்னு தோணுது," என்றான். "சும்மா என்னன்னு பாத்துட்டு வர்றேன்."

கதவு மூலையில் இருந்த மாங்காய் பறிக்கிற கம்பும் அவனோடு போனது.

"பாத்துட்டு வர கண்ணு போதாதா? கம்பு எதுக்குடா?" என்று அமராவதி கத்தினாள். அவன் அதற்குள் முருங்கை மரத்தைத் தாண்டிவிட்டான்.

நாலு மணிக்கு உடையப்பன் லோரியை வாசலில் ஏற்றாத குறையாக நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

"அமரா! கோயில்கிட்ட ஆளுங்க கூடிட்டானுங்க. புது லயத்துக்குப் போறாங்களாம். இருட்டுறதுக்குள்ள அந்த ஆளுங்களக் காலி பண்ண வைக்கப் போறாங்களாம். காலி பண்ணலன்னா கொளுத்துறதாம். இராமையா மண்டோருதான் முன்னால நிக்கிறாரு!"

துரை கோலாலம்பூரில் இருந்தார். பெரிய கிராணி லீவில் இருந்தார். தோட்டத்தில் அன்று மிச்சம் இருந்த நிர்வாகம் என்பது அமராவதியும் அவள் குடையும்தான்.

"நீங்க போயி போலீஸக் கூட்டிக்கிட்டு வாங்க."

"போக இருவது, வர இருவது. நாப்பது நிமிஷம் ஆகும்லா!"

"அதான் போங்கன்னு சொல்றேன்!"

லோரி பறந்தது. அந்தச் செம்மண் புழுதி அடங்க மூன்று வாரம் ஆனது என்று பின்னாளில் உடையப்பன் சொல்வான்.

கோயிலிலிருந்து புது லயத்துக்குப் போக ஒரே வழி, ஆபீஸ் முன்னால் இருக்கும் பெரட்டுக்களத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அமராவதி ஓடினாள். செருப்பில் ஒன்று வாய்க்காலோடு போனது. களத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது கூட்டமும் வளைவு திரும்பியது.

அவள் தினமும் பார்க்கிற முகங்கள்தான். ஆனால் ஒரு முகத்தையும் அடையாளம் தெரியவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே வாயாக இருந்தது. அந்த வாய் கத்தியதில் செம்பனை மரங்கள் குலை தள்ளுவதை நிறுத்திவிட்டன. முன்னால், ஆட்களை வேலை வாங்கும் இராமையா மண்டோர், கையில் பாராங். பின்னால் யாரோ ஒருவன் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

அமராவதி வாயைத் திறந்தாள். மூன்று நாள் பயிற்சியும் குடைக்குள் இருந்த சான்றிதழும் ஒன்றாகச் சேர்ந்து அவளைக் கைவிட்டன. நாக்கில் வந்து நின்றது 'மன்னிச்சிடுங்க சார்' மட்டும்தான்.

கால் பின்னால் நகர்ந்தது. முதுகில் எதுவோ இடித்தது. தூணில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அதுதான் பெரட்டு மணி. பக்கத்து ஆணியில் சுத்தியல்.

பதினாலு வருடமாக விடியற்காலையில் அரைத் தூக்கத்தில் அந்தச் சுத்தியலை எடுத்த கை, யாரையும் கேட்காமல் அதை எடுத்தது.

டங்!

அந்தச் சத்தத்தில் சுங்கை பஞ்சாங் வயல்களில் கொக்குகள் எழும்பின. மலாக்கா நீரிணையில் தூங்கிக்கொண்டிருந்த மீன்கள் சுமத்ரா பக்கமாகத் திரும்பிப் படுத்தன. டங்! டங்! டங்!

கூட்டம் நின்றது.

பிறகு, ஐயா, என்ன சொல்ல! மனிதனுக்கு மூளை ஒரு பக்கம் வேலை செய்யும், கால் இன்னொரு பக்கம் வேலை செய்யும். அப்பன் காலத்திலிருந்து அந்த மணிக்கு நின்று பழகிய கால்கள். பால்மரத்து ஆட்கள் இடது பக்கம் போனார்கள். செம்பனை ஆட்கள் வலது பக்கம் போனார்கள். பெண்கள் முன்வரிசை. பாராங்கை இடுப்பில் செருகிக்கொண்டார்கள், பெரட்டில் கையை வீசி நிற்கக்கூடாது என்பது சட்டம். மண்ணெண்ணெய் டின்காரன் டின்னைத் தன் காலடியில் வைத்துவிட்டுச் சட்டைப் பித்தானைப் போட்டான். இராமையா மண்டோர் தன் ஆட்களுக்கு முன்னால் வழக்கமான இடத்தில் போய் நின்று, பின்னால் திரும்பி, "நேரா நில்லுங்கடா!" என்று அதட்டியும் விட்டார்.

அதட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஆனால் மண்டோர் வரிசையைக் கலைப்பதா? பரம்பரைக்கே கேவலம்.

அமராவதிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் முழுங்கிவிட்டு, ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் செக்ரோலை எடுத்தாள்.

அதைப் பிரிக்கும்போதுதான் பார்த்தாள். புது லயத்துப் பாதையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மணி அடித்தால் வர வேண்டும் என்று அவர்களுக்கும் சொல்லியிருந்தது. அந்த ஜாவாக்காரர்களில் சர்னோ முன்னால் வந்தான். அவன் மனைவி சுமினி இடுப்பில் குழந்தை. பதினோரு குடும்பமும் எதிரே நிற்கிறவர்களைப் பார்த்தார்கள், இடுப்பில் செருகிய பாராங்குகளைப் பார்த்தார்கள். திரும்பி ஓட இடமில்லை. கடைசியில், தங்களுக்கு என்று இருந்த வரிசையில் வந்து நின்றார்கள்.

யாரைத் தேடி இவர்கள் கிளம்பினார்களோ அவர்களே பத்தடி தூரத்தில் நின்றார்கள். யாராவது ஒருவர் தும்மினால் போதும்.

அப்போதுதான் அவளுக்குத் தேவதாஸ் சொன்னது ஞாபகம் வந்தது. 'கூட்டத்துகிட்ட பேசாதீங்க. கூட்டத்துக்குக் காது கிடையாது. ஆளுக்குத்தான் காது. ஒவ்வொரு ஆளா கேளுங்க. யார் பாத்ததுன்னு மட்டும் கேளுங்க.'

அட, அதற்குப் பேர்தானே பெரட்டு!

"அர்ஜுனன்!"

"இருக்கேன்!"

"புது லயத்து ஆளு யாராவது தண்ணித் தொட்டியில எதையாவது கலந்தத உங்க கண்ணால பாத்தீங்களா?"

"எல்லாரும் சொல்றாங்க கிராணியம்மா…"

"எல்லாரையும் அப்புறம் கூப்பிடுறேன். இப்ப கூப்பிட்டது அர்ஜுனன."

அர்ஜுனன் தன் கட்டை விரலைப் பார்த்தான். "நான் பாக்கலம்மா."

அவன் பேருக்கு நேரே பென்சிலால் 'இல்லை' என்று எழுதினாள். "சின்னத்தாய்!"

"இருக்கேன்! நானும் பாக்கல. ஆனா கடுதாசியில போட்டிருக்கே?"

"கடுதாசிக்குக் கண்ணு இருக்கா அக்கா?"

பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிறு சிரிப்பில் பெரிய வாயின் ஒரு பல் விழுந்தது. அடுத்த பேர். இல்லை. அடுத்த பேர். இல்லை. ஒவ்வொரு பேருக்கும் ஒரு முகம் திரும்பி வந்தது.

"இராமையா மண்டோர்!"

"எனக்கே பெரட்டா?"

"உங்க ஆளுங்கள்ல யாராவது பாத்திருந்தா முன்னால வரச் சொல்லுங்க மண்டோரே. எழுதிக்கிறேன்."

மண்டோர் திரும்பிப் பார்த்தார். அவர் வரிசை முழுவதும் அன்றுதான் முதன்முதலாக ஆகாயத்தைக் கண்டுபிடித்தது போல மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"டிரெஸ்ஸர் உமாபதி ஐயா!"

டிஸ்பென்சரி வாசலில் ஒளிந்து நின்ற உமாபதி நோட்டோடு வந்தார். "அஞ்சு புள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு. அஞ்சும் புதன்கிழமை சந்தையில கலர் ஐஸ்தண்ணி குடிச்சதுங்க. மூணு நாளா சொல்றேன், யாரு கேட்டீங்க? அதுல ரெண்டு புள்ள புது லயத்துப் புள்ளைங்க."

அமராவதி பக்கத்தைத் திருப்பினாள். "சர்னோ!"

"ஆடா," என்றான் அவன், இருக்கிறேன் என்று. சுமினி குழந்தையைச் சற்று உயர்த்திக் காட்டி மலாயில் சொன்னாள், தன் பிள்ளைக்கும்தான் நோய், நாங்களும் அதே தொட்டித் தண்ணீரைத்தான் குடிக்கிறோம் என்று.

அப்போது வேலம்மா களத்துக்குள் நடந்து வந்தாள்.

"அந்தக் கடுதாசிய எழுதினது நான்தான்," என்றாள். "பத்தொம்போதும் என் கையி. என்ன எழுதுறேன்னு படிக்காமலே எழுதினேன். உசுரு போயிருமோன்னு பயம். வாங்கினவங்க எல்லாரும் திருப்பிக் குடுத்துருங்க. சாபம் வந்தா எனக்கு வரட்டும்."

சொல்லிவிட்டுப் போய்ச் சுமினியின் பக்கத்தில், அந்த வரிசையில் நின்றுகொண்டாள்.

முதலில் சின்னத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

மிச்சம் ஒரே ஓர் ஆள். பேர் செக்ரோலில் இல்லாத ஆள். தோட்டத்தை விட்டுப் போய்ப் பத்து வருடம் ஆகியும், மணி அடித்ததும் மூன்றாவது வரிசையில் தன் பழைய இடத்தில் போய் நின்ற ஆள். அவன் கையில் மாங்காய்க் கம்பு இருந்தது.

"நீ பாத்தியாடா?" என்று கேட்டாள் அமராவதி.

அப்பளசாமி கம்பைக் கீழே போட்டுவிட்டு வீட்டுப் பக்கம் நடந்துவிட்டான்.

ஐந்து நிமிடத்தில் லோரியும் போலீஸ் ஜீப்பும் வந்தன. ஜீப்பிலிருந்து குதித்த சார்ஜன் இப்படியும் அப்படியும் பார்த்தார். அசையாமல் வரிசையில் நிற்கிற ஜனங்கள், நடுவில் ஒற்றைச் செருப்போடு ஒரு கிராணியம்மா.

"கலவரம் எங்கே?" என்று மலாயில் கேட்டார்.

அமராவதிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பெரட்டை முடிக்கவே இல்லை. புத்தகத்தை மூடி, "போகலாம்," என்றாள். வரிசைகள் கலைந்தன.

இராத்திரி வீட்டில் வேலம்மா உடையப்பனை ஏழு முறை நெற்றியில் தொட்டுப் பார்த்தாள். எட்டாவது முறை அவன், "அக்கா, உசுரோடதான் இருக்கேன், தூங்க விடு," என்றான். அதைக் கேட்டபின் அவள் பதினோரு வருடத்தில் தூங்காத தூக்கம் தூங்கினாள். அப்பளசாமி சாப்பிடவில்லை. யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அப்பளசாமிதான் இப்போது தனபாலன் கடையில் உட்கார்ந்து 'பொய்' என்றான்.

சிரிப்பு அடங்கியதும் ஓர மேசையிலிருந்து சேது எழுந்து வந்தான். சுங்கை பஞ்சாங் பக்கம் நெல் லோரி ஓட்டுகிறவன், சிரிக்காதவன்.

"நடந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றான். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். "எங்க பக்கமும் வந்திருக்கு. நேத்து ஒரு ஆளு குடுத்தான். இன்னைக்கு மத்தியானம் எங்காளுங்க கூடுறாங்க. நானும் போறதாத்தான் இருக்கேன்."

அமராவதி தாளைப் பிரித்தாள். அதே மூன்று பத்தி. ஆனால் இது வேலம்மாவின் கையெழுத்து இல்லை. வடிவான, படித்த கையெழுத்து. தாளின் ஓரத்தில் இரட்டைச் சிவப்புக் கோடு. அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது. செக்ரோல் தாள். செராயா ஆபீஸ் அலமாரியைத் தவிர வேறு எங்கும் கிடைக்காத தாள். அந்த அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று அவள் இடுப்பில் இருக்கிறது.

இன்னொன்று? லீவில் போன பெரிய கிராணியிடம்.

அவள் தாளை மெதுவாக மடித்தாள். "சேது, கொஞ்சம் உக்காருங்க. அவரு சொன்னது…"

"உங்க வீட்டுக்காரரு சொன்னா நீங்க ஆமான்னுதான் சொல்லுவீங்க," என்றான் சேது. "மூணு டயர் லோரிக்கும் ஆமாதானே? பெரட்டு மணி அடிச்சா யாராச்சும் சண்டைய விட்டுட்டு வரிசையில நிப்பானா? இவரு உங்க கூடப் பொறந்தவரே நம்பல."

எல்லோரும் அப்பளசாமியைப் பார்த்தார்கள். அமராவதி பார்க்கவில்லை. தன் தம்பியின் இலையில் காய்ந்துகொண்டிருந்த சட்னியைப் பார்த்தாள்.

சேது வாசல் வரை போய்விட்டான். லோரிச் சாவி அவன் கையில் குலுங்கியது.

"அண்ணே," என்று கூப்பிட்டான் அப்பளசாமி.

எழுந்து நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், பெரட்டில் நிற்கிற மாதிரியே பக்கவாட்டில் நேராகத் தொங்கவிட்டுக்கொண்டான்.

"மாமா சொன்னது பொய். நூத்தி எம்பது பேரு இல்ல," என்றான். "அக்கா புத்தகத்துல அறுபத்தி மூணு. கம்பெடுத்துக்கிட்டுப் போன என்னையும் சேத்தா அறுபத்தி நாலு. மணி அடிச்சுச்சு, நின்னோம். நீ பாத்தியான்னு எங்க அக்கா கேட்டப்ப, இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இப்ப சொல்றேன். நான் ஒண்ணையும் பாக்கல அண்ணே. ஆனா அந்தப் பெரட்டு நடந்துச்சு."